கொம்பில் மறைந்த மான்

கரிபூ என்னும் காட்டு மான் இல்லாமல் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களுக்கு வாழ்க்கை இல்லை. ஆகவே அவர்களுடைய எலும்புச் செதுக்குக் கலையின் நடுநாயகமும் கரிபூதான். இனுயிட் கலையைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதல் கூற்றில் ஐயமே இல்லை. மரம் வளராத வடக்கு வெளியில் உயிரைக் காத்த குளிர்கால உடை கரிபூத் தோல்தான். உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும் மேலாடையின் மயிர் வெளியை நோக்கியும் இருக்கும்படி இரண்டு அடுக்காக அதைத் தைத்தார்கள். தைத்த நூல் அதே விலங்கின் முதுகுத் தசைநாண்; ஊசி பெரும்பாலும் எலும்பு. உள்நாட்டில் வாழ்ந்த குழுக்களுக்கு உணவும் ஏறக்குறைய முழுக்க அதுவே.

இரண்டாவது கூற்றை உரசிப் பார்க்க வேண்டும். வயிற்றை நிரப்பிய விலங்கு கலையையும் நிரப்பியாக வேண்டும் என்று விதி ஏதும் கிடையாது. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இது: செதுக்கப்பட்ட உருவம் என்ற அளவில் கரிபூவின் இடம் பொதுவாகச் சொல்லப்படுவதைவிடச் சிறியது, காலத்தால் பிந்தியது. செதுக்கப்படும் பொருள் என்ற அளவிலோ அதன் இடம் இன்னும் சரியாக மதிப்பிடப்படாத அளவுக்குப் பெரியது.

இதை எடைபோட ஒரு சோதனையைக் கையாள்கிறேன். ஒரு படைப்பிலிருந்து கரிபூவின் கொம்பை எடுத்துவிட்டு, அதையே வால்ரஸ் தந்தத்திலோ கல்லிலோ மரத்திலோ செய்ததாக எண்ணிப் பார்ப்போம். படைப்பு அசையாமல் நின்றால் கரிபூவின் பங்கு அதில் மேலோட்டமானது. சரிந்து விழுந்தால் அந்த விலங்கு இல்லாமல் அந்தக் கலை இல்லை. இது எல்லாச் சிறப்பையும் அளக்கும் கோல் அல்ல. நம் முன் உள்ள கேள்விக்கு மட்டும் பொருந்தும்.

தெளிவுக்காக ஒன்று. துருவ மானும் கரிபூவும் ஒரே இனம். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் மந்தையாக வளர்க்கப்பட்டது துருவ மான். வட அமெரிக்காவில் காட்டு விலங்காகத் திரிவது கரிபூ. இனுயிட் மேய்ப்பர்கள் அல்ல, வேட்டைக்காரர்கள். அலாஸ்காவுக்கு 1890களில் சைபீரியாவிலிருந்து வளர்ப்பு மான்கள் கப்பலில் வந்தன. கனடாவின் மெக்கன்சி கழிமுகத்துக்கு ஆண்ட்ரூ பார் என்ற, ஸ்காண்டிநேவியாவின் சாமி இனத்து மேய்ப்பர் 1929 இறுதியில் அலாஸ்காவிலிருந்து ஓட்டத் தொடங்கிய மந்தை 1935இல்தான் போய்ச் சேர்ந்தது. இவை அரசுகளின் திட்டங்கள். இனுயிட் செதுக்குக் கலையில் கொம்பு பிடித்த இடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது, வேட்டையிலிருந்து பிறந்தது.

கொம்பைப் பற்றிச் சற்று நின்று பார்த்தால்தான் மற்றவை விளங்கும். மான்கொம்பு உண்மையில் எலும்பு. மாட்டுக் கொம்பைப் போல நகப் பொருளால் ஆனதல்ல. ஆண்டுதோறும் புதிதாக முளைத்து, மெல்லிய மயிர்த்தோல் போர்த்த நிலையில் சில மாதங்களிலேயே முழு அளவை எட்டி, தோல் உரிந்து, பிறகு உதிர்ந்துவிடும். மான் வகைகளில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இந்த இனத்தில் மட்டும்தான் வழக்கம். பெரிய ஆண்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்க்கும். சினையான பெண்கள் கன்று ஈனும் காலம்வரை வைத்திருக்கும். குளிர்நிலத்தில் உதிர்ந்த கொம்பு எளிதில் மட்காது, பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஆகவே செதுக்குபவருக்கு இது கொன்றால்தான் கிடைக்கும் பொருள் அல்ல. நடக்கும் வழியில் குனிந்தும் எடுக்கலாம்.

அறுத்துப் பார்த்தால் வெளிப்புறம் பழுப்பு, அதற்குள் வெண்மையான இறுகிய அடுக்கு, நடுவில் கடற்பஞ்சு போலத் துளைத்துளையான சாம்பல் நிறக் கரு. இந்த இறுகிய அடுக்குத்தான் செதுக்குபவரின் முழு மூலதனம். அதன் கனம் பல இடங்களில் விரற்கடைகூட இராது. ஆழமாக வெட்டினால் துளைக்கரு வெளியே வந்துவிடும். கால் எலும்பைவிடக் கனிமம் குறைவானதால் கொம்பு வளைந்து கொடுக்கும், அடி தாங்கும், சட்டென்று விரிசல் விடாது. நீரில் ஊறப் போட்டால் கத்திக்கு இணங்கும். இன்று சுழல் அரம் வைத்து ராவும்போது தலைமயிர் கருகும் நாற்றம் கிளம்பும். கல் செதுக்குபவருக்குக் கனபரிமாணம் கிடைக்கிறது. திமிங்கில எலும்பு செதுக்குபவருக்குப் பருமனும் நுண்துளைப் பரப்பும் கிடைக்கின்றன. கொம்பு செதுக்குபவருக்குக் கிடைப்பது கோடு: வளைவு, கிளை, கூர்முனை. கொம்பு தரும் வாய்ப்பும் அது விதிக்கும் எல்லையும் இதற்குள் அடங்கும்.

இப்போது பழைய கலைக்கு வருவோம். இனுயிட் மக்களுக்கு முன் கிழக்கு ஆர்க்டிக்கில் வாழ்ந்தவர்களைத் தொல்லியலாளர் டார்செட் பண்பாட்டினர் என்பர். இனுயிட் வாய்மொழி மரபு அவர்களைத் தூனீட் என்கிறது. ஏறத்தாழ கிமு 500 முதல் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தவர்கள். பெரும்பாலும் விரல் நீளத்துக்கும் குறைந்த உருவங்களைத் தந்தத்திலும் கொம்பிலும் மரத்திலும் செதுக்கினார்கள். வில்-துரப்பணம் அவர்களிடம் இல்லை. துளை வேண்டுமென்றால் கீறிக் கீறியே உண்டாக்கினார்கள். கிடைத்த உருவங்களில் மேலோங்கி நிற்பவை பனிக்கரடியும் மனித முகமும். கரிபூவும் உண்டு, சிறு குளம்பாகக்கூட உண்டு. ஆனால் அவர்கள் உண்ட இறைச்சியின் அளவோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை மிகக் குறைவு. சீலுக்கும் இதே கதி. தினமும் உண்டவற்றைவிட, தங்களைப் போலவே சீலுக்காகப் பனிக்கட்டியில் காத்திருந்த கரடியைத்தான் அவர்கள் கை அதிகம் நாடியது.

அதே டார்செட் மக்களின் மிக வியப்பான படைப்புகளில் ஒரு வகை கரிபூக் கொம்பில்தான் இருக்கிறது: கொம்புத் துண்டு ஒன்றின் பரப்பு முழுக்க மனித முகங்களை நெருக்கிச் செதுக்கிய கோல்கள். ஒரு முகத்தின் தாடை இன்னொன்றின் நெற்றியாகிறது. சில முகங்கள் பாதி மனிதம், பாதி விலங்கு. சாமியாடிகளின் கருவி என்பது பலரின் ஊகம். கொம்பு இருக்கிறது, கொம்பு சுமந்த விலங்கின் உருவம் இல்லை.

இதன் மறுதலை அலாஸ்காவில் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே வில்-துரப்பணத்தின் கைப்பிடிகளில் மெல்லிய கோடுகளால் காட்சிகளைக் கீறினார்கள். எட்வர்ட் வில்லியம் நெல்சன் 1877 முதல் 1881 வரை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகத் திரட்டிய பொருள்களில் இவை இடம் பெறுகின்றன. அவற்றில் கரிபூக்கள் வரிசை வரிசையாக வருகின்றன: மேய்பவை, ஓடுபவை, வில்லுக்கு இலக்காகி நிற்பவை. கிளைத்த கொம்பை இரண்டு மூன்று கீறலில் காட்டிவிடும் திறமை பிரமிக்க வைக்கிறது. ஆனால் இந்த மான்கள் கீறப்பட்டது பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில். கரிபூவின் கொம்பில் மனித முகம், வால்ரஸின் பல்லில் கரிபூ. உருவமும் பொருளும் ஒன்றையொன்று தவிர்ப்பது போன்ற இந்த அமைப்பை, கரிபூதான் நடுநாயகம் என்னும் எளிய கூற்றால் விளக்க முடியாது.

விளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் தொல்லியலாளர் ராபர்ட் மெக்கீ. இன்றைய இனுயிட் மக்களின் நேர் முன்னோரான தூலே பண்பாட்டினரின் கருவிகளை ஆராய்ந்து 1977இல் அவர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அம்பு முனைகள் போன்ற நிலவேட்டைக் கருவிகள் கொம்பில் அமைகின்றன. கடல் வேட்டைக்கான எறியீட்டித் தலைகளும் பெண்களின் தையல் சாதனங்களும் அணிகலன்களும் தந்தத்தையோ கடல் விலங்கின் எலும்பையோ நாடுகின்றன. இது வெறும் வசதி அல்ல, நிலம் ஒருபுறம் கடல் ஒருபுறம் என்று உலகைப் பிரித்துப் பார்த்த மனத்தின் தடம் என்பது அவர் வாதம். பிற்கால இனுயிட் வழக்கங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. கரிபூ இறைச்சியையும் வால்ரஸ் இறைச்சியையும் ஒரே நாளில் உண்ணக் கூடாது, கடற்பனிக்கட்டியில் குடியிருக்கும் காலத்தில் கரிபூத் தோலைத் தைக்கக் கூடாது என்ற விலக்குகளை மானிடவியலாளர்களான போவாஸும் ராஸ்முசனும் பதிவு செய்திருக்கிறார்கள்.

வாதம் அழகானது. அழகானது என்பதாலேயே அதை எதிர்த்தும் பார்க்க வேண்டும். அம்பு முனை எலும்பிலோ கல்லிலோ மோதும்போது உடையாமல் இருக்க வேண்டும். கொம்பின் வளையும் தன்மை அதற்கு ஏற்றது. நேரான, நீளமான துண்டும் கொம்பின் தண்டிலிருந்து எளிதாகக் கிடைக்கும். பொறியியல் நோக்கிலேயே பாதி விடை வந்துவிடுகிறது. கடல் வேட்டைக் கருவிகளிலும் கொம்பு பயன்பட்ட இடங்கள் உண்டு. எனவே கருவிகளைப் பொறுத்தமட்டில் மெக்கீயின் விதியை முழு விதியாக ஏற்க நான் தயங்குகிறேன். அணிகலன்களில் அவர் வாதம் வலுவாக நிற்கிறது. சீப்புக்கோ தொங்கணிக்கோ அடி தாங்கும் வலிமை தேவையில்லை. அங்கேயும் தந்தம் விரும்பப்பட்டது என்றால், தேர்வில் அழகும் பொருளும் கலந்திருந்தன என்று கொள்ளலாம். கொம்பு ஆண்களின் நிலவேட்டைப் பக்கமும் தந்தம் கடலின் பக்கமும் நின்றன என்ற போக்கை ஏற்கலாம். மீறாத சட்டமாக அதை ஏற்க வேண்டியதில்லை.

கடற்கரையில் தந்தம் இருந்தது, திமிங்கில எலும்பு இருந்தது, கொம்பு பலவற்றுள் ஒன்று. உள்நாட்டில் நிலைமை வேறு. ஹட்சன் விரிகுடாவின் மேற்கே கிவாலிக் பகுதியில் வாழ்ந்தவர்களை வெளியுலகம் கரிபூ இனுயிட் என்றே அழைத்தது. கசான் ஆற்றைக் கரிபூக் கூட்டம் நீந்திக் கடக்கும் இடங்களில் கயாக் படகிலிருந்து ஈட்டியால் குத்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தவர்கள் அவர்கள். கூட்டம் வழி மாறினால் பட்டினிதான். 1950களில் அந்தப் பட்டினி வந்தது. என்னடாய் ஏரிக்கரையில் வாழ்ந்த அகியார்மியூட் மக்களைக் கனடிய அரசு மீண்டும் மீண்டும் இடம் பெயர்த்தது. 1957இல் ஹெனிக் ஏரிப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டவர்களில் சிலர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கேரி ஏரிப் பகுதியிலும் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அர்வியாட், பேக்கர் ஏரி போன்ற ஊர்களில் வந்து சேர்ந்தார்கள். அகியார்மியூட் மக்களிடம் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019 ஜனவரியில், அர்வியாட்டில். இந்த ஊர்களிலிருந்துதான் என் சோதனையில் முழுமையாகத் தேறும் படைப்புகள் வந்தன.

பேக்கர் ஏரியின் லூக் இக்சிக்டார்யுக் (1909–1977) முதலில் நிற்கிறார். அந்த ஊரின் மற்றவர்கள் கறுத்த கடினக் கல்லில் பருத்த உருவங்களைச் செய்துகொண்டிருந்தபோது, இவர் கொம்பைத் தன் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டார். இவருடைய மேள நடனச் சிற்பங்களை நினைவுக்குக் கொண்டுவருகிறேன். கொம்பே தரை. அதன்மேல் கொம்பின் கிளைகளை அறுத்துச் செருகி நிறுத்திய ஒடிசலான மனிதர்கள். முகத்தில் இரண்டு மூன்று வெட்டுக்கு மேல் இல்லை. உடல்களை அவர் செதுக்கினார் என்பதைவிட, எந்தக் கிளை எந்த உடலுக்கு ஆகும் என்று தேர்ந்தார் என்பதே பொருத்தம். ஒருவர் சற்றே முன்சாய்ந்து நிற்கிறார் என்றால் அந்தச் சாய்வு கொம்பு வளர்ந்தபோதே இருந்த சாய்வு.

இதை வால்ரஸ் தந்தத்தில் செய்து பாருங்கள். தந்தம் வழவழப்பாக மின்னும், உருவங்கள் நகை போல ஆகிவிடும். கல்லில் செய்தால் இவ்வளவு ஒல்லியான உடல்கள் நிற்கவே நிற்கா. மரத்தில் செய்தால் உருவம் ஏறத்தாழ வரும், ஆனால் தரையும் மனிதரும் ஒரே உடலிலிருந்து வந்தவர்கள் என்ற உணர்வு போய்விடும். இக்சிக்டார்யுக்கின் மேள நடனத்தில் ஆடுபவர்களும் அவர்கள் நிற்கும் நிலமும் கரிபூ. உள்நாட்டு இனுயிட் வாழ்க்கையைப் பற்றி இதைவிடத் துல்லியமாக ஒரு சிற்பம் பேசி நான் அறியேன். மான் ஒன்றுகூடச் செதுக்கப்படாமல் மானைப் பற்றிய முழு உண்மையும் அங்கே இருக்கிறது.

அடுத்தவர் என்னடாய் ஏரியின் மகன், அகியார்மியூட் குழுவைச் சேர்ந்த லூக் அனௌதாலிக் (1932–2006). அர்வியாட்டில் வாழ்ந்தவர். கல்லிலும் கொம்பிலும் செதுக்கினார். இவருடைய கொம்புப் படைப்புகளில் கிளையின் நுனி தலையாகிறது, தண்டின் புடைப்பு முகமாகிறது, பல முகங்கள் ஒன்றையொன்று ஒட்டி வெளிவருகின்றன. இக்சிக்டார்யுக்கிடம் உள்ள காற்றோட்டம் இவரிடம் இல்லை. இவருடையது நெருக்கம், குடும்பமாக ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருப்பவர்களின் நெருக்கம்.

அனௌதாலிக்கின் முகக் கூட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் டார்செட் கோல்கள் நினைவுக்கு வரும். இங்கேதான் விமர்சகர்கள் சறுக்குவது எளிது. பழைய மரபு தொடர்கிறது என்று எழுதிவிடலாம், படிக்க இனிக்கும். ஆனால் டார்செட் மக்கள் இனுயிட் மக்களின் முன்னோர் அல்லர். இனுயிட்டின் முன்னோர் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவிய தூலே மக்கள். 2014இல் வெளியான மரபணு ஆய்வும் இரண்டும் வேறு வேறு மக்கள் என்பதையே உறுதிப்படுத்தியது. இரத்தத் தொடர்ச்சி இல்லாத இடத்தில் கலைத் தொடர்ச்சியைக் கற்பனை செய்யக் கூடாது.

அப்படியானால் கொம்பே முகங்களைத் தூண்டுகிறதா? கணுவும் புடைப்பும் கிளையும் உள்ள பொருளில் முகம் தெரிவது இயல்புதானே? இந்த விளக்கம் என்னைக் கவர்கிறது, ஆனாலும் இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் நூற்றாண்டுகளாகத் துருவமான் கொம்பில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கத்தி உறைகளிலும் பிடிகளிலும் படர்வது நுட்பமான வடிவியல் கோலங்கள், முகக் கூட்டங்கள் அல்ல. கொம்பு ஒன்றுதான், கலை வேறு. இரண்டாவது தடை அர்வியாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதே ஊரின் லூசி தாசியோர் துட்ஸ்வீடோக் (1934–2012) சாம்பல் நிறக் கடினக் கல்லின் ஓரங்களில் முகங்களைக் கொத்துக்கொத்தாக எழுப்பினார். கல்லிலேயே முகக் கூட்டம் வருகிறது என்றால் கொம்பை மட்டும் காரணமாகச் சொல்வதற்கில்லை. இழப்பைத் தாண்டி வந்த ஒரு சமூகம் குடும்பத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கியது என்பதுதான் நெருங்கிய காரணம். கொம்பு அந்த விருப்பத்துக்கு ஒரு தனி வடிவம் கொடுத்தது: கிளைவிடும் வடிவம். கல்லில் துட்ஸ்வீடோக்கின் முகங்கள் ஒரே மலைக்குள் ஒதுங்கி நிற்கின்றன. கொம்பில் அனௌதாலிக்கின் முகங்கள் ஒரு தண்டிலிருந்து பல திசைகளில் பிரிகின்றன. இந்த வேறுபாட்டை மட்டும் கொம்பின் கணக்கில் எழுதலாம். அதுவே போதிய பெருமை.

கரிபூவின் உருவமே நடுநாயகம் என்னும் எதிர்த்தரப்பிடமும் ஒரு மேதை இருக்கிறார். கின்காயிட் ஊரின் ஒசுயிடோக் இபீலி (1923–2005) கரிபூவை உருவமாகச் செதுக்கியவர்களில் தலைசிறந்தவர். பச்சைக் கல்லில் கனத்த உடல், நம்பவே முடியாத அளவு மெலிந்த கால்கள். அந்த உடலின் எடை முழுவதையும் அந்தக் கால்களில் நிறுத்திக் காட்டுவது அவருடைய தனித் துணிவு. தலையில் துளையிட்டுக் கொம்பைச் செருகுவார். கொம்பு உண்மையான கரிபூக் கொம்பு. கல்லாலான கரிபூச் சிற்பங்களில் பலவற்றில் இந்தக் கொம்புகளைக் கழற்றி மாட்டலாம். பெட்டியில் வைத்துத் தெற்கே அனுப்ப அதுவே வசதி.

இங்கே என் சோதனை சங்கடமான விடை தருகிறது. ஒசுயிடோக்கின் கரிபூவிலிருந்து அந்தக் கொம்பை எடுத்துவிட்டுத் தந்தத்தில் செய்த கொம்பைச் செருகினால் சிற்பத்தின் பெருமை குன்றுமா? கொஞ்சம் குன்றும், நிறத்திலும் நேர்மையிலும். ஆனால் அதன் உயிர் கல்லும் சமநிலையும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. பெரிய கலை, ஆனால் கல்லின் கலை. எலும்புச் செதுக்கில் கரிபூவின் இடத்தை நிறுவ இதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. கரிபூ தனி உருவமாக இவ்வளவு கம்பீரமாக எழுந்ததும் அண்மைக் காலத்தில்தான். கனடியக் கலைஞர் ஜேம்ஸ் ஹூஸ்டன் 1948இல் இனுக்ஜுவாக் ஊருக்குச் சென்றதும், மறு ஆண்டு மாண்ட்ரியாலில் இனுயிட் சிற்பங்களின் விற்பனை நடந்ததும், அதன்பின் கல்சிற்பம் ஊர் ஊராகப் பரவியதும் தெரிந்த வரலாறு. மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க விலங்கு உருவத்தைத் தெற்கின் சந்தை கேட்டது. கரிபூ அந்த மேசைக்குப் பொருத்தமாக அமைந்தது.

மானிடவியலாளர் எட்மண்ட் கார்ப்பென்டர் சந்தைக்கான இந்த மாற்றத்தையே கடுமையாகக் குற்றம் சாட்டினார். பழைய தந்த உருவங்களுக்கு அடிப்பகுதி இல்லை, மேல் கீழ் இல்லை. கையில் உருட்டிப் பார்க்கவும் கைமாற்றவும் பிறந்தவை அவை. மேடையில் நிற்கும் புதுச்சிற்பம் மேற்கின் கலை, இனுயிட் கைகளால் செய்யப்பட்டது என்பது அவர் தீர்ப்பு. தோற்றத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. முடிவு தவறு. அவருடைய கோலை வைத்தால் இக்சிக்டார்யுக்கின் மேள நடனமும் தள்ளுபடியாகும், அதுவும் நிற்கும் சிற்பம்தான். சந்தைக்காகத் தொடங்கிய ஒரு வேலையில் ஒரு மனிதர் தன் வாழ்வின் நடுப்பொருளைக் கண்டெடுத்துவிட்டார் என்றால், அது எங்கே தொடங்கியது என்பது இரண்டாம் பட்சம். கார்ப்பென்டர் கலைஞர்களைவிடக் கலையின் பிறப்புச் சான்றிதழை அதிகம் நம்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்தை கொம்புக்குச் செய்த கேட்டைக் கிழக்கு கிரீன்லாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். துபிலாக் என்பது பகைவனைக் கொல்ல ஏவப்படும் ஆவியுரு. எலும்பு, தோல், மயிர் முதலியவற்றைச் சேர்த்து மறைவாகச் செய்து கடலில் விடுவார்கள். கண்ணுக்குக் காட்டும் பொருளே அல்ல. 1884இல் குஸ்தாவ் ஹோல்மின் பயணக்குழு அம்மாசாலிக் வந்தபின், அது எப்படி இருக்கும் என்று கேட்ட ஐரோப்பியருக்காகச் செதுக்கிக் காட்டும் வழக்கம் வளர்ந்தது. காலப்போக்கில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் பல்லே அதற்குப் பேர்பெற்ற பொருளாயிற்று. பல்லின் திரண்ட, கூம்பிய வடிவத்துக்குள் பிதுங்கும் கண்களும் பற்களும் பொருந்தி அமர்ந்தன. பிறகு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடுகள் வந்தன. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கில எலும்பையும் தந்தத்தையும் எல்லையிலேயே நிறுத்தியது. சுற்றுலாப் பயணி கவலையின்றிப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடியது மான்கொம்பு. துபிலாக் கொம்புக்கு மாறியது. கிழக்கு கிரீன்லாந்தில் மான்கள் ஏறத்தாழ 1900 வாக்கிலேயே அற்றுப்போயின. கொம்பு மேற்குக் கரையிலிருந்து வர வேண்டும். அந்த மண்ணில் மேயாத விலங்கின் கொம்பில், வேறொரு விலங்கின் பல்லுக்காக உருவான வடிவத்தைத் திணிக்கிறார்கள். முதுகுப் பக்கம் திருப்பினால் துளைக்கரு எட்டிப் பார்க்கும். செதுக்குபவரின் கைத்திறனில் குறை இல்லை, பிழைப்புக்கான தேவையும் உண்மையானது. ஆனாலும் கொம்பு இங்கே ஈடுகட்டும் பொருள் மட்டுமே. என் சோதனையில் இது தோற்கிறது.

தலோயோக் ஊரின் காரூ அஷேவாக் (1940–1974) இந்த விவாதத்துக்கு வெளியே நிற்பவர், ஆனாலும் விட்டுச்செல்ல மனமில்லை. பழைய திமிங்கில எலும்பே அவர் உலகம். கொம்பும் தந்தமும் அதில் பதிக்கப்பட்ட துண்டுகளாக வந்து ஆவிகளின் முகத்தை முடுக்கிவிடுகின்றன. கொம்பைத் துணைப்பொருளாகப் பயன்படுத்துவதிலும் ஓர் உச்சம் உண்டு என்பதற்கு அவர் சான்று.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டிய காலம் இது: கரிபூவின் எண்ணிக்கையில் நேர்ந்த சரிவு. கனடாவின் பாதர்ஸ்ட் கூட்டத்தில் 1986இல் சுமார் 4,70,000 கரிபூக்கள் இருந்தன. 2018இல் சுமார் 8,200. பாஃபின் தீவில் 2014 கணக்கெடுப்பு ஐயாயிரத்துக்கும் குறைவான எண்ணிக்கையைக் காட்டியது. 2015 ஜனவரியில் அங்கே வேட்டை முழுவதும் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் 250 ஆண் மான்களுக்கு மட்டும் அனுமதி தரப்பட்டது. கிவாலிக்கின் காமனிர்ஜுவாக் கூட்டம் இன்னும் லட்சக்கணக்கில் நடமாடுகிறது. அதனால் அர்வியாட்டிலும் பேக்கர் ஏரியிலும் கொம்பு கிடைக்காமல் போகாது. பழைய கொம்புகள் வெளியெங்கும் கிடக்கவும் செய்கின்றன. ஆகவே பொருள் தீர்ந்துவிடும் என்பது உடனடி அச்சம் அல்ல. கொம்பைப் பார்த்ததும் அது ஆணா பெண்ணா, எந்தப் பருவத்தில் உதிர்ந்தது, எந்த வளைவு எதைத் தாங்கும் என்று சொல்லும் அறிவு வேட்டையோடு சேர்ந்து வளர்வது. பாஃபின் தீவு போன்ற இடங்களில் ஒரு தலைமுறை அந்த விலங்கை அரிதாகவே காண்கிறது. அங்கே கரிபூச் சிற்பம் தொடரும், கல்லில், நினைவிலிருந்தும் படத்திலிருந்தும். கொம்பைக் கொம்பாகவே அறிந்து செய்யும் கலை தொடர்வது கடினம்.

ஆகவே என் தீர்ப்பு இது. இனுயிட் எலும்புச் செதுக்கில் கரிபூவுக்கு முதலிடம் என்ற பொதுக்கூற்றை நான் ஏற்கவில்லை. கடற்கரை மரபில் தந்தம் அதைவிட மேலே நிற்கிறது; டார்செட் உருவங்களில் கரடி மேலே நிற்கிறது; புகழ்பெற்ற கரிபூச் சிற்பங்கள் பெரும்பாலும் கல்லுக்குச் சொந்தமானவை. உள்நாட்டுக் கிவாலிக்கில், 1960களுக்குப் பின் சில கைகளில் மட்டும், கரிபூக் கொம்பு வேறெதாலும் ஈடுசெய்ய முடியாத கலைப் பொருளாயிற்று. அந்தச் சிலருள் இக்சிக்டார்யுக்கை ஒசுயிடோக்குக்குச் சமமான வரிசையில் வைக்க வேண்டும். ஒல்லியான பொருளில் செய்தார் என்பதற்காக அவரைச் சிறிய கலைஞராகக் கருதும் வழக்கம் தவறு. அருங்காட்சியகங்கள் இக்சிக்டார்யுக்கின் சிற்பத்தையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் துபிலாக்கையும் 'எலும்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்குவதை நிறுத்தி, எந்த விலங்கு, எந்தப் பகுதி, அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுத வேண்டும். அந்த மூன்று விவரங்களும் தெரிந்தால் பார்வையாளர் தாமே ஒப்பிட்டு எடைபோட முடியும்.